வெட்டாமல் விட்ட பீஸ்

எங்கள் பட்டறைத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பலகை தொங்கும். ஆட்கள் தேவை. லேத்துக்கு ஆள் தேவை, கிரைண்டிங்குக்கு ஆள் தேவை, அச்சு ஃபிட்டர் உடனடியாகத் தேவை. கீழே சிவப்பு எழுத்தில் ‘நல்ல சம்பளம்’ என்று இருக்கும். எவ்வளவு என்று மட்டும் இருக்காது. மழையில் ஊறி, வெயிலில் வெளுத்து, மறுபடி பெயிண்ட் வாங்கித் தொங்கும் அந்தப் பலகைகளில் சில, உள்ளே ஓடுகிற மெஷினைவிட வயதில் மூத்தவை.

போன வருஷம் ஒரு வாடகை மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. டை கட்டிய ஒருவர் திரையில் படம் படமாகக் காட்டினார். இந்த வட்டாரத்தில் மைக்ரான் கணக்கில் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குப் பயங்கரமான பற்றாக்குறை, இனிமேல் உங்கள் காலம்தான் என்றார். முன்வரிசையில் முதலாளிகள் வரிசையாகத் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து, “அப்போ சம்பளம் ஏறுமா சார்?” என்று கேட்டான்.

“அதை மார்க்கெட் முடிவு பண்ணும்” என்றார் டைக்காரர்.

மார்க்கெட் முன்வரிசையில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால் தண்ணீர் விலை ஏறுகிறது. சிமெண்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் சிமெண்டு ஏறுகிறது. ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தால் ஏறுவது முதலாளிகளின் புலம்பல் ஒன்றுதான். காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பழக்கம். ஒரு பட்டறையில் வேலை செய்கிறவன் இன்னொரு பட்டறைக்குப் போய் வேலை கேட்டால், அவன் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு போன் போய்விடும். “உன் ஆள் என்கிட்ட வந்திருக்கான், என்ன குடுக்கிற?” அவ்வளவுதான். அந்தப் பக்கம் என்ன கொடுக்கிறார்களோ அதற்கு மேல் இந்தப் பக்கம் பைசா ஏறாது. இதை அவர்கள் மரியாதை என்பார்கள்.

முகாமில் எழுந்து கேட்டவன் என் மச்சான், என் மனைவிக்கு நேர் தம்பி. அவனும் நானும் ஒரே பட்டறை. நான் கிரைண்டிங், அவன் அச்சு வேலை. ஷாம்பு பாட்டில் மூடி, மருந்து டப்பா மூடி இதெல்லாம் வார்க்கிற இரும்பு அச்சுகளுக்கு உள்ளே கோர் என்று ஒரு இரும்புக் கட்டை நிற்கும். மூடியின் உள்வடிவம் அதில்தான் இருக்கிறது. அதைக் கடைந்து, அரைத்து, முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றி உட்கார வைப்பது அவன் வேலை. அளவு இருபது மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியில் கால்வாசி, தப்பினால் மூடி ஒழுகும்.

பட்டறையில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூணுபுள்ளி என்பார்கள். அச்சு வேலைக்காரன் ஒவ்வொருத்தனும் தான் முடித்த பீஸின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், சொந்தமாக ஒரு அடையாளம் வைப்பான். பேனா மாதிரி கையில் பிடித்து இரும்பில் எழுதும் குட்டி மெஷின் ஒன்று உண்டு. அதால் ஒருத்தன் கோடு போடுவான், ஒருத்தன் வட்டம் போடுவான். எதிர்ப் பட்டறை அச்சுக்காரன் ஒரு கொக்கி போடுவான், அதனால் அவன் பேர் கொக்கி. என் மச்சான் முக்கோணமாக மூன்று புள்ளி. வாங்குகிறவனுக்கு இது தெரியாது. முதலாளி கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்.

“பெரிய புள்ளி ஆவாருன்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டிக்குடுத்தாரு” என்பாள் அவன் பெண்டாட்டி. “மூணு புள்ளியிலயே நின்னுட்டாரு.”

அவள் வாய் அப்படி. தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். அவர்களுக்கு இருப்பது இரண்டு அறை. அவன் வேலைச் சட்டைக்குத் தனி வாளி, தனி சோப்பு, தனிக் கொடி. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போட்டால் பிள்ளை யூனிஃபார்ம் வரைக்கும் நாறும். சூடு தணிய மெஷினில் ஊற்றுகிற கூலன்ட் தண்ணீர் நாறும் நாற்றம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வார லீவில் மெஷின் நிற்கும்போது தொட்டியில் அது அழுகும். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் செத்த எலியும் அழுகிய முட்டையும் சேர்ந்து மூஞ்சியில் அடிக்கும். மேலே பழுப்பாக ஏடு கட்டியிருக்கும். அதை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். எங்கள் முதலாளி ஒரு மூடி ஃபினாயில் ஊற்றச் சொல்வார். அந்தத் தண்ணீரில் ஊறி ஊறி என் மச்சானின் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது உறைப்பு பட்டால் துள்ளுவான். கரண்டியால் சாப்பிடுவான். பார்க்கிறவர்கள் நாகரிகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு பீஸ் அளவு தப்பிப் போனால் அந்த நிமிஷமே அதைக் கிரைண்டரின் சாணைக் கல்லில் பிடித்து முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நல்ல பீஸோடு கலந்துவிடும், அச்சுக்குள் போய்விடும், அச்சே போச்சு. செய்தவன்தான் வெட்டுவான். அடுத்தவன் பீஸை யாரும் தொட மாட்டார்கள். நாள் பூராவும் மெருகேற்றினதைத் தன் கையாலேயே கிழிப்பது கொடுமைதான். ஆனால் வெட்டாத ஃபெயில் பீஸை மேஜையில் விட்டுப்போகிறவன் எங்கள் தொழிலில் மனுஷனே இல்லை.

முகாம் முடிந்த கையோடு மச்சான் முதலாளியிடம் சம்பளம் கேட்டான். “பாக்கலாம்” என்றார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டான். “பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றார். அப்போதுதான் தெருக்கோடியில் ஒரு பலகையில் முதல்முறையாகச் சம்பளத் தொகையையே எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அது பெரிய தொகை. அந்தப் பட்டறைக்காரரை அன்றிலிருந்து பலகை முதலாளி என்றே சொன்னோம். கூட்டம் கூட்டமாக ஆள் போனது. போனவன் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். ட்ரையல் கஷ்டமாம், ஆள் ரொம்பக் கறாராம்.

“நீ போகாத மாப்ள” என்றேன். “போன் வரும்.”

“வரட்டும் மாமா. பாஸானா எனக்கென்ன பயம். ஃபெயிலாவேன்னு நினைக்கிறீங்களா?”

அப்படி நான் நினைக்கவில்லை. வார லீவு நாளில் போனான். அங்கே சுட்டுக் கெட்டியாக்கின இரும்புக் கட்டை ஒன்றைக் கொடுத்து, வரைபடம் ஒன்றைக் கொடுத்து, முடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கோர். காலையில் குனிந்தவன் சாயங்காலம் நிமிர்ந்திருக்கிறான். இடையில் ஒரு டீ. அடியில் மூன்று புள்ளி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பலகை முதலாளி தன் அறையிலிருந்து ஒரு மைக்ரோமீட்டரை எடுத்துவந்து அளந்தாராம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அளந்தாராம்.

“இருபது மைக்ரான் குறையுதேப்பா.”

“சார், நான் அளந்தேன், சரியா இருந்துச்சே.”

“நீ அளந்தது வெளிய கிடக்கிற தேஞ்ச மைக்ரோமீட்டர்ல. வயசாகுதில்ல, கை முன்ன மாதிரி நிக்காது. தப்பா எடுத்துக்காத.”

வெட்டிவிடலாம் என்று இவன் பீஸுக்குக் கையை நீட்டியிருக்கிறான். “விடு, நான் பாத்துக்கிறேன்” என்று அவர் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். இவனுக்கு அவமானத்தில் காது அடைத்துப் போயிருந்தது. வெட்டாமல் வந்துவிட்டான்.

மறுநாள் காலை தொட்டி நாற்றம் பட்டறை முழுக்க மிதந்துகொண்டிருந்தது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார். வந்ததும் முதல் பேச்சு, “என்ன மூணுபுள்ளி, அங்க ஃபெயிலாமே?”

நாங்கள் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“சம்பளம் ஏத்தித் தாங்க, ஏத்தித் தாங்கன்னு உயிரை எடுத்தியே. ஏத்தியிருந்தா என் கதி என்ன? போ போ, வேலையப் பாரு. நான் அவனை மாதிரி இல்ல, நம்ம ஆளை நான் விட்டுட மாட்டேன்.”

அன்றிலிருந்து அவன் ஆள் மாறிப்போனான். கண்ணாஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடி வாங்கினான். டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் கேட்டு வாங்கினான். ஒரு பீஸை ஒருமுறை அளந்து நிமிர்கிறவன், அளந்து, துடைத்து, அளந்து, என்னிடம் கொடுத்து அளக்கச் சொல்லி, மறுபடி தான் அளந்தான். வேலை மந்தமானது. மந்தமானதும் முதலாளி அதற்கும் ஒரு பேச்சு பேசினார். சாப்பாட்டு நேரத்தில் வலது கையை முன்னால் நீட்டி விரல் நடுங்குகிறதா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க” என்றாள் அவன் பெண்டாட்டி, நாலைந்து மாதம் இப்படிப் போனபின் ஒருநாள் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது. “பெரிய ரோட்டுல பார்சல் குடோன் வந்திருக்கு. பெட்டி பெட்டியா வரும், ஊர் பாத்துப் பிரிச்சுப் போடணும். இத்தனை வருஷம் கழிச்சு இவர் இங்க வாங்குறதை அங்க சேர்ற அன்னைக்கே குடுக்கிறாங்க. ஃபேன் இருக்காம். கை கழுவத் தண்ணி இருக்காம்.”

“படிச்சவன் படிக்காதவன் எல்லாம் செய்யிற வேலைடி அது” என்றான் அவன்.

“இங்க மட்டும் என்னவாம். கை போச்சுன்னு நீங்கதானே சொல்றீங்க? போன கையை வச்சுக்கிட்டு எதுக்கு அந்தச் சாக்கடையில ஊறணும்?”

அவன் என் பக்கம் திரும்பி, “அடுத்த மாசம் முதல் தேதி வர்றேன்னு குடோன்ல சொல்லிட்டு வந்துட்டேன் மாமா” என்றான்.

என் மனைவி அன்று அழுதாள். தம்பிக்குக் கை நடுங்குகிறது என்றால் அவளுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கிக் கிடந்த அப்பா ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவனே போனால் இந்தத் தெருவில் பிறகு யார் இருக்கிறார்கள்? போகிறவன் போகட்டும் என்றால், கை கெட்டுப்போச்சு என்று நம்பிக்கொண்டல்லவா போகிறான்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு அச்சு ரிப்பேருக்கு வந்து இறங்கியது. மூடி அச்சு, எட்டுக் கோர். செய்துகொடுத்த இடத்தில் சரிசெய்ய ஆள் இல்லை என்று இழுத்தடிக்கிறார்களாம், மூடி ஓரத்தில் பிசிறு வருகிறதாம், மூடிக் கம்பெனிக்காரர்கள் அவர்களுக்குச் சொல்லாமலே இங்கே தூக்கி வந்துவிட்டார்கள். செய்துகொடுத்த இடம் எது என்று கேட்டதற்கு டிரைவர் தெருக்கோடியைக் கைகாட்டினான். எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல். அடுத்தவன் வாடிக்கை தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது.

மச்சானும் நானும் அச்சைப் பிரித்தோம். பிசிறுக்குக் காரணம் கோரைத் தாங்குகிற இரும்புத் தட்டின் ஓரம் தேய்ந்தது, கோர்களில் ஒன்றும் தப்பில்லை. இருந்தாலும் முறைப்படி ஒவ்வொரு கோராக உருவி, துடைத்து, துணியில் அடுக்கினோம். மூன்றாவதை உருவியதும் அவன் அடிப்பக்கம் திருப்பினான். திருப்பினவன் அப்படியே நின்றுவிட்டான்.

மூன்று புள்ளி. முக்கோணமாக.

“மாமா, இது நான் செஞ்சது.”

“நம்ம பட்டறையில இந்தக் கம்பெனி வேலை வந்ததே இல்லையே.”

“இங்க செய்யல. அங்க செஞ்சேன். ட்ரையல்ல.”

நான் என் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். அச்சோடு வந்த வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அது. இருபது மைக்ரான் இல்லை, இரண்டு மைக்ரான்கூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் அதை அச்சில் போட்டிருப்பார்களா? போட்டு, லட்சக்கணக்கில் மூடி அடித்து, அதெல்லாம் பாட்டிலில் ஏறிக் கடைக்கும் போய்விட்டது.

மற்ற ஏழையும் திருப்பினோம். ஒன்றில் கொக்கி. ஒன்றில் சாய்ந்த இரண்டு கோடு, அது பக்கத்துத் தெருப் பெரியவருடையது. ஒன்றில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. மற்றதெல்லாம் எங்களுக்குத் தெரியாத கை. எட்டும் எட்டுப் பேர் கை. ஒவ்வொன்றும் சம்பளமில்லாத ஒரு நாள்.

எதிர்ப் பட்டறைக்குப் போய்க் கொக்கியைக் கூப்பிட்டு வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் தன் கோரைப் பார்த்ததும் சிரித்தான்.

“அட, நம்ம சரக்கு. என்கிட்ட இருபது மைக்ரான் குறையுதுன்னு சொன்னான் அந்தாளு.”

“எனக்கும் இருபதுதான்” என்றான் மச்சான்.

“எல்லாருக்கும் ஒரே அளவு துணி எடுத்திருக்கான்டா” என்று சொல்லிவிட்டுக் கொக்கி தன் கோரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மெருகு பாத்தீங்களா? இத்தனை ஓட்டம் ஓடியும் ஒரு கீறல் இல்ல. மூணுபுள்ளி, உன்னுது கொஞ்சம் மங்கியிருக்கே.”

“எது மங்கியிருக்கு? வெளிச்சத்துல வச்சுப் பாருடா.”

நான் சொல்கிறேன், அந்தப் பலகைக்காரன் செய்த அயோக்கியத்தனத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. ஒரு நாள் உழைப்பைத் திருடிக்கொண்டு, உன் கை கெட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் ஒருத்தன். இதுகள் இரண்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு யார் மெருகு உசத்தி என்று பேசிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பெருமையைத் தின்றுதான் முதலாளிகள் எல்லோரும் தொப்பை வளர்க்கிறார்கள்.

“வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்” என்றேன். மூடினார்கள்.

மூன்றுபுள்ளி கோரைக் கொண்டுபோய் எங்கள் முதலாளியின் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கைநழுவிப் போன மாதிரி ஒரு பார்வை.

“நமக்கு இது தோணவே இல்ல பாரு” என்றார்.

பிறகுதான் சுதாரித்தார். “சரி சரி, வெளிய மூச்சு விடாதீங்க. அச்சு இங்க வந்திருக்குன்னு அவனுக்குத் தெரியக் கூடாது. வேலைய முடிச்சு மூடுங்க.” சம்பளத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மச்சானும் அன்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

அதற்கு நான்கு நாள் கழித்து வந்தது வேடிக்கை. பலகை முதலாளியே மச்சானுக்குப் போன் போட்டார். “உனக்கு இன்னொரு சான்ஸ் தரலாம்னு பாக்குறேன்” என்றாராம். “பழகினா கை வந்துடும். லீவு அன்னைக்கு வா. கிரைண்டிங் தெரிஞ்சவன் யாராவது இருந்தாலும் கூட்டிட்டு வா, ட்ரையல் பாக்கலாம்.”

“நானும் வர்றேன்” என்றேன்.

“நீங்க எதுக்கு மாமா?”

“எனக்கும் வாழ்க்கையில முன்னேறணும்னு இருக்காதா?”

போனோம். எங்கள் பட்டறை நாற்றமே தேவலை. இங்கே தொட்டியைச் சுத்தம் செய்யவே ஆள் இல்லை, எல்லோரும் ஒரு நாள் ஆள்கள், யார் செய்வான்? ஏடு தடித்து அதன் மேல் சிகரெட் துண்டுகள் நட்டுவைத்ததுபோல் நின்றன. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே எங்களைத் தவிர இன்னும் மூன்று பேர், முகம் தெரியாதவர்கள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு உயிரைக் கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ட்ரையல். நிரந்தர ஆள் என்று அந்தப் பட்டறையில் நான் பார்த்தது கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைத்தான்.

மச்சானுக்குக் கோர், எனக்கு அரைக்க ஒரு இரும்புத் தட்டு. அவன் செய்கிற வேலையை இடையிடையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அளந்தான், நிமிர்ந்தான். பழைய ஆள். மெருகு ஏற்றும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். மதியத்துக்கு மேல் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான்.

முடித்தான். மூன்று புள்ளி வைத்தான். பலகை முதலாளி வந்தார். அதே மைக்ரோமீட்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது உட்பட அப்படியே.

“ப்ச். முன்னுக்குப் பரவாயில்ல. ஆனா இருபது குறையுதேப்பா.”

“குறையுதா சார்?”

“குறையுது.”

“அப்போ இது ஃபெயில் பீஸ்.”

“என்ன பண்றது. ஃபெயில்தான்.”

“சரிங்க சார்” என்று அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினான். பாராட்டுக்கு நன்றி சொல்கிறவன் மாதிரி வாங்கினான். திரும்பி மூன்றடி நடந்து, சுவரோரம் இருந்த கிரைண்டரைப் போட்டு, கோரின் முகத்தைக் கல்லில் வைத்து அழுத்தினான். பொறி முழங்கை நீளத்துக்குப் பறந்தது. குறுக்கே ஒரு வெட்டு. திருப்பி, இன்னொரு வெட்டு.

“டேய்!” பலகை முதலாளி போட்ட சத்தத்தில் மெஷின் சத்தமே அமுங்கிப் போனது. “டேய், என்னடா பண்ற? அது இன்னைக்குப் போக வேண்டிய பீஸுடா! வேன் நிக்குதுடா வெளிய!”

மச்சான் கிரைண்டரை நிறுத்தினான்.

“ஃபெயில் பீஸ் எங்க போகும் சார்?” என்று கேட்டான்.

தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் நிமிர்ந்திருந்தார்கள். பலகை முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்துக்கு வந்ததும் பாய்ந்துவந்து என் மெஷின்மேல் இருந்த தட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அளக்கவே இல்லை.

“உங்களுது நல்லா இருக்குங்க. நீங்க பாஸ்.”

பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு சீக்கிரம் பாஸானதில்லை.

“தம்பி, இங்க பாரு” என்று மச்சானிடம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கே சேந்துக்க. பலகையில போட்டிருக்கிற சம்பளம், அப்படியே தர்றேன். இன்னைக்கு நைட்டு உக்காந்து இதே மாதிரி ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுத்துடு.”

“கை நிக்க மாட்டேங்குது சார்” என்றான் மச்சான். வெட்டின கோரை அவர் மேஜைமேல் வைத்தான். மூன்று புள்ளி மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்தான். வெளியே வந்துவிட்டோம். பின்னாலேயே கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அந்த மூன்று பேரில் யாரோ தன் பீஸைக் கல்லில் வைக்கிறான்.

மறுநாள் எங்கள் முதலாளிக்குப் போன் வந்திருக்கிறது, வராமல் இருக்குமா? மச்சானைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அன்றுதான்.

“அவன் பீஸை வெட்டிட்டியாமே” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். “சரியான வேலை பண்ணின. அவன் என்ன போட்டிருக்கானோ அதையே நானும் தர்றேன். இந்த மாசத்துல இருந்தே. சந்தோஷமா?”

“ட்ரையல்ல ஃபெயிலானவன் நான், முதலாளி.”

“அது அவன் விட்ட பொய்தானே.”

“பொய்யின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

முதலாளி பேனாவை எடுத்து மூடி, திறந்து, மூடினார்.

“கோரை உங்க மேசையில வச்ச அன்னைக்கே தெரியும். அன்னைக்கு ஏறாதது இன்னைக்கு ஏறுதுன்னா, இது என் கைக்கு இல்ல. நான் போயிருவேங்கிற பயத்துக்கு.” எழுந்தான். “முதல் தேதி நான் குடோனுக்குப் போறேன் முதலாளி.”

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் ஒரே ரகளை. குடோன் குடோன் என்று குதித்தவள் இப்போது கட்சி மாறி நின்றாள்.

“கைதான் நல்லா இருக்குன்னு ஆயிடுச்சே. சம்பளமும் ஏத்துறேன்னு சொல்றாங்க. ஒண்ணுக்கு ரெண்டு இடம் கூப்பிடுது. இப்பப் போய்ப் பெட்டி தூக்குறேன்னா என்னங்க அர்த்தம்? அண்ணே, நீங்க சொல்லுங்களேன்.”

“கை நல்லா இருக்கு, அதனாலதான் போறேன்” என்றான் அவன். “கெட்டுப்போச்சுன்னு போயிருந்தா அழுதுகிட்டே போயிருப்பேன். இப்ப நானாப் போறேன். நாத்தம் புடிச்ச இடத்துல எவ்வளவு குடுத்தாலும் நாத்தம் நாத்தம்தான்டி.”

நான் வாயைத் திறந்திருந்தால் இரு என்றுதான் சொல்லியிருப்பேன், அது என் சுயநலம். அவன் இல்லாத பட்டறையில் நான் யாரோடு சாப்பிடுவேன்?

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் குடோனுக்குப் போய் அவனைப் பார்த்தேன். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. வேலை எப்படி என்று கேட்டதற்கு, “மாடுகூடச் செய்யும் மாமா” என்றான். ஆனால் கையை நீட்டிக் காட்டினான். விரல் இடுக்கு வெடிப்பெல்லாம் மூடி, தோல் புதுசாக, பெண் பிள்ளை கை மாதிரி இருந்தது. கையால் சாப்பிடுகிறான். பையில் அந்தக் குட்டி எழுதும் மெஷின் இன்னும் வைத்திருக்கிறானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எங்கள் பட்டறை வாசலிலும் இப்போது பலகை தொங்குகிறது. அச்சு ஃபிட்டர் உடனடியாகத் தேவை. அந்த ரிப்பேர் அச்சு மச்சான் போனபோது பாதி வேலையில் நின்றது, முடிக்க ஆள் இல்லாமல் கம்பெனிக்காரர்கள் வேறெங்கோ தூக்கிப் போய்விட்டார்கள். “உங்க வீட்டுல இன்னொரு மச்சான் கிச்சான் இல்லையா?” என்று முதலாளி என்னைக் கேட்கிறார். வெட்கமே இல்லாமல் கேட்கிறார். மறுபடி ஒரு முகாம் போடப் போகிறார்களாம், பற்றாக்குறை இன்னும் முற்றிவிட்டதாம்.

தெருக்கோடிப் பலகையும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விஷயம் பரவிவிட்டது. ட்ரையலுக்குப் போகிறவன் ஃபெயில் என்று சொன்னதும் கிரைண்டரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுகிறான். அதனால் பலகை முதலாளி கிரைண்டரிலிருந்து கல்லைக் கழற்றித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். கல் இல்லாமல் உள்ளே டூல் தீட்ட வழியில்லை, மொட்டை டூலை வைத்துக்கொண்டு ஆளும் மெஷினும் சேர்ந்து அலறுகிறார்களாம். கொக்கிதான் இதை வந்து சொன்னான். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து உடைந்த கல் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். மெருகு முகத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பீஸ் காலி.

“தெருவுல எல்லாரும் வச்சிருக்கோம்” என்றான். “உங்களுக்கு ஒண்ணு வேணுமா?”

வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய்த் தொட்டி மூடியைத் திறந்தேன். வார லீவு முடிந்த காலை. மூச்சை அடக்கிக்கொண்டு ஏட்டை அள்ளினேன்.